நீலத் திரையும் 48 இலக்கங்களும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட ஒரு சின்ன அப்டேட் ஃபைல், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை, செயலிழந்தால் வரும் நீலத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ஐடி சப்போர்ட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

எங்களுக்கு முதலில் வந்த பயம், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்பதுதான். அப்புறம்தான் தெரிந்தது, காவலுக்குப் போட்ட மென்பொருளே காரணம் என்று. புதிய ஃபைல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தின் எல்லை தாண்டிப் படித்தது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுகிற மென்பொருள் என்பதால் விண்டோஸும் சேர்ந்தே விழுந்தது.

10.57-க்கெல்லாம் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பெரும்பாலானவை, திருத்தம் வந்து சேரும் முன்பே மறுபடி விழுந்தன. ரிமோட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ரெக்கவரி திரைக்குப் போய், டிரைவர்ஸ் ஃபோல்டரில் 291 என்ற எண் உள்ள ஃபைலை அழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்த அக்கவுண்ட்ஸ் அக்கா ஒருவருக்குப் போனில் அந்தச் சாவியைப் படித்துச் சொன்னேன். ஆறு ஆறு இலக்கமாக, எட்டுத் தொகுதி. "தம்பி, மூணுக்கு அப்புறம் ஏழா, ஒண்ணா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடித்தார். கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "என் ஃபைல் எல்லாம் போயிடாதே?" போகாது அக்கா, என்டருக்கு மேலே சாய்கோடு இருக்கும், அதைத் தட்டுங்கள் என்றேன். லாகின் பக்கம் வந்ததும் அவர் விட்ட பெருமூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

சில இடங்களில் சாவிகளை வைத்திருந்த சர்வரே விழுந்து கிடந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு குழு சாவிகளை பார்கோடாக மாற்றி ஸ்கேனரால் அடித்தார்களாம். அருமையான யோசனை.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. புதிய வெர்ஷன் வந்தவுடன் போட மாட்டோம், ஒரு வெர்ஷன் பின்தங்கியே இருப்போம் என்று பல நிறுவனங்கள் கவனமாகத்தான் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு மென்பொருளின் வெர்ஷனுக்கு மட்டும்தான். இந்த வகை ஃபைல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. ஒரு சிறு கூட்டத்துக்கு முதலில் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதம் அங்கேயே நின்றிருக்கும். பிறகு அப்படிப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறினார்கள். சரி, நல்லதுதான்.

அன்று மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு மேசையிலும் குனிந்து நின்றவர்கள் டெஸ்க்டாப் சப்போர்ட் பையன்கள். பெரும்பாலும் காண்ட்ராக்ட். சனி, ஞாயிறும் வந்தார்கள். அவர்களுக்கு காம்ப் ஆஃப், அதாவது விடுமுறையில் வேலை செய்ததற்கு ஈடான லீவு, வாங்கித் தர எங்கள் மேனேஜர் ஏஜென்சிக்கு மெயில் மேல் மெயில் போட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லையாம்.