எட்டு வாரம் முடிந்த பிறகு வைட்டமின் டி

விசைத்தறிக் கொட்டகையிலும் பனியன் கம்பெனியிலும் பொழுதைக் கழிப்பவர்களுக்குச் சுட்டெரிக்கும் கொங்கு வெயில் இருந்தும் பிரயோஜனமில்லை; வெயில் நேரடியாகத் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலும் கணக்கில் சேராது. 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனையில் மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே வந்தால் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம்.

அதுவரை ஒழுங்காகத்தான் போகும். கோளாறெல்லாம் ஒன்பதாவது வாரத்தில்தான். டி குறைவால் வந்த உடம்பு வலி குறைந்ததும் மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரத்தத்தில் ஏறிய அளவு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். வேலையும் வெயிலும் மாறாவிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். அதனால் பராமரிப்பு அளவு வேண்டும்: தினம் 1,000 முதல் 2,000 யூனிட், அல்லது மாதம் ஒரு 60,000. மாதம் ஒன்று என்பது நாளுக்கு 2,000தான். தினசரி காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இப்போதே 'டி' என்று எழுதிவையுங்கள். தாள் கிழிக்கும்போது கண்ணில் படும். ஞாயிறு ஏனென்றால் அன்றைக்குத்தான் கறிச்சோறு. கொழுப்போடு போனால்தான் நன்றாக உறிஞ்சும். சைவமென்றால் நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சோறு போதும். வெறும் வயிற்றில் விழுங்கினால் உறிஞ்சுவது குறையும்.

வாரம் ஒன்றை தினம் ஒன்றென்று தவறாகப் போடுவது இன்னொரு வம்பு. கால்சியம் எகிறி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி என்று தொடங்கி சிறுநீரகத்தில் போய் நிற்கும். வைட்டமின் டி உடம்புக் கொழுப்பில் தேங்குவதால் மாத்திரையை நிறுத்தினாலும் இறங்கப் பல வாரம் ஆகும். 6 லட்சம் யூனிட் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள். கால்சியம் மாத்திரையிலும் கொஞ்சம் டி இருக்கும். அட்டையைப் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு ராகிக்களி இருக்கவே இருக்கிறது, 100 கிராம் ராகி மாவில் சுமார் 350 மில்லிகிராம்.

மறு பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்னால் எடுப்பது காசுக்குக் கேடு. அப்போதும் ஏறவில்லையென்றால், உடல் பருமனா, வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும். இவர்களுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மருந்துக்கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: அட்டையில் கொலிகால்சிஃபெரால் (வைட்டமின் டி3) என்றிருக்க வேண்டும். 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியால், அதாவது டி உடம்பில் வேலை செய்யும் இறுதி வடிவம், வேறு சங்கதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் பெரும்பாலும் அதை எழுதுவார்கள். உடம்பின் டி இருப்பை அது நிரப்பாது.