பயிற்சிக்கு வர ஆகும் செலவு

வேளாண்மைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை அது. 2024 மே மாதம் விழுப்புரம் மாவட்டத்தில், கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி நடத்தும் ஒரு குழுவில் உதவிக்குச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. என் வேலைக்குப் 'பயிற்சி ஒருங்கிணைப்பு' என்று பெயர். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது, வைக்கோல் வாங்கி வருவது, மதியச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணிச் சொல்வது, ஆதார் நகல் கொண்டுவராதவர்களுக்காக ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவது எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பயிற்சி என்பது புதிய சங்கதி இல்லை. இளைஞர்களை விவசாயத்திலேயே தக்க வைக்க வேண்டும் என்று 2015-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 'ஆர்யா' என்று தனித் திட்டமே கொண்டுவந்தது. 7 நாள் திறன் பயிற்சியும் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரி. வகுப்புக்கு வந்து உட்கார யார் இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் பாடு.

இளைஞர் என்றதும் ஜீன்ஸ் போட்ட பையன் டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும் படம்தான் பேனரில் வரும். அந்தப் பையன்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ட்ரோன் செயல்விளக்கம் என்றால் மட்டும் எங்கிருந்தோ கூட்டமாக வருவார்கள். பறந்து முடிந்ததும் செல்பி எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அதை ஓட்ட முறையான பயிற்சி நிறுவனத்தில் படித்து உரிமம் வாங்க வேண்டும் என்று சொன்னவுடன் பாதிப்பேருக்கு ஆர்வம் வடிந்துவிடும். 7 நாளும் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் கல்யாணமாகி இங்கே வந்த, இடுப்பில் ஒரு குழந்தை வைத்திருக்கிற, இருபது முப்பது வயதுப் பெண்கள். அவர்கள் என்னை 'மேடம்' என்றார்கள், நான் அவர்களை 'அக்கா' என்றேன். கடைசிவரை இந்தக் குழப்பம் தீரவில்லை.

இந்த அக்காக்களை வரவழைக்க நோட்டீஸ் போதாது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் சார் தேதி குறிக்கும் முன்பு முதல் போனை ஊரின் பணித்தளப் பொறுப்பாளருக்குத்தான் போடுவார். "இந்த வாரம் எந்தத் தெருவுக்கு ஏரி வேலை?" என்று கேட்பார். நூறு நாள் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். அந்த வருடம் நாளுக்கு அதிகபட்சக் கூலி 319 ரூபாய். வெட்டிய மண்ணின் அளவு குறைந்தால் கூலியும் குறையும். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ, செயலியில் இரண்டும் ஏற வேண்டும். நடுவில் எழுந்து பயிற்சிக்கு வர வழியே இல்லை. நாங்கள் கொடுக்கும் டீயும் சாம்பார் சாதமும் அந்தக் கூலிக்கு ஈடாகுமா? வேலை இல்லாத வாரமாகப் பார்த்து அந்தத் தெருவுக்குப் பயிற்சியை வைப்பதும், பால் சொசைட்டிக்குக் கறந்து ஊற்றும் நேரத்துக்கு முன்பே முடிப்பதும்தான் சாருடைய தொழில் ரகசியம். விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கொண்டுசேர்ப்பது பற்றிய விரிவாக்கக் கல்விப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இந்தக் கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை.

காளான் பயிற்சிதான் அதிகம் கேட்டு வந்தது. காரணம் எளிது. காளானுக்குப் பட்டா வேண்டாம், ஒரு கொட்டகை போதும். சொட்டுநீர் போட ஆசைப்பட்டு ஒரு பையன் வந்தான். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் என்று நாங்கள் சொன்னதும் முகம் மலர்ந்தது. சிட்டா கேட்டதும் சுருங்கிவிட்டது. நிலம் இன்னும் தாத்தா பெயரில், மூன்று சித்தப்பாக்களோடு சேர்ந்து கிடக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) போடுவதும் பிடுங்குவதும் அவன்தான், ஆனால் காகிதப்படி அவன் விவசாயி இல்லை. இளைஞர் ஏன் விவசாயத்துக்கு வருவதில்லை என்ற கருத்தரங்கில் பேசுகிறவர்கள் ஆர்வத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தப் பட்டா விஷயத்தை யாராவது முதலில் எடுத்தால் நன்றாயிருக்கும்.

காளானிலும் மே மாதம் ஒரு சிக்கல். சிப்பிக் காளானுக்குக் குளுமை வேண்டும். விழுப்புரத்து வெயிலில் கொட்டகைக்குள் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் அது சிரமம்தான். அதனால் 30 முதல் 35 டிகிரி வரை தாங்கும் பால் காளானைச் சொல்லிக் கொடுத்தோம். இதற்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: வித்து, அதாவது காளான் விதை, பரவிய வைக்கோல் பைக்குப் படுக்கை என்று பெயர்; அதைப் பாதியாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்ப வேண்டும். வைக்கோலை ஊறவைத்து, அண்டாவில் வேகவைத்து, உலர்த்திப் பையில் திணிப்பதெல்லாம் சிப்பிக்கும் பாலுக்கும் ஒன்றுதான். அதில் முக்கியம் ஈரப்பதம். கையேட்டில் சதவீதம் போட்டிருக்கிறது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு அக்கா ஒரு பிடி வைக்கோலை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரித்து மற்றவர்களுக்குக் காட்டினார். உள்ளங்கையில் ஈரம் மின்னியது, ஒரு சொட்டு விழவில்லை. "புட்டு மாவுக்குப் பார்க்கிற பதம்தான்டீ" என்றார். அப்புறம் யாரும் கையேட்டைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது தனிக்கதை. மாமனார்கள் திண்ணையிலிருந்து கேட்கும் முதல் கேள்வி, "இது ஈமு கோழி மாதிரி இல்லையே?" 2012-இல் முதலீடு வாங்கிய ஈமு பண்ணைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் பணம் முடங்கியது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. நாங்கள் பணம் வாங்குவதில்லை, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்வதும் இல்லை என்று விளக்கினால் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வரும்: "அப்ப யாரு வாங்குவா?"

அதற்கு எங்களிடம் பாதி பதில்தான் இருந்தது. வளர்ப்பதைச் சொல்லித்தர 6 நாள், விற்பதற்குக் கடைசி நாள் மத்தியானம். பால் காளான் சிப்பியைவிடக் கூடுதலாக இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான் நாங்கள் கொடுத்த பெரிய தைரியம். அந்த மத்தியானம் ஒரு நாளாக மாற வேண்டும் என்று என் அறிக்கையில் எழுதினேன். சார் படித்துவிட்டு, "நானும் வருசா வருசம் எழுதறேம்மா" என்றார்.

வந்தவர்களில் சிலர் படுக்கை போட்டார்கள், பலர் போடவில்லை. போட்டவர்களில் அந்தப் புட்டு மாவு அக்காவும் ஒருவர். 200 கிராம் பாக்கெட் கட்டிப் பக்கத்து டவுன் காய்கறிக் கடையில் கொடுக்கிறார். அவருக்கு இப்போது விற்பனையைவிட வித்து கிடைப்பதுதான் தலைவலி; நல்ல வித்து வாங்கப் பஸ்ஸில் ஒரு நாளே போய்விடுகிறது. கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் எனக்குப் போன் வரும். "மேடம், அங்க வித்து இருக்கா?" நான் ஆய்வகத்தில் கேட்டுவிட்டுத் திரும்ப அழைப்பேன். வாங்கி அனுப்ப யார் ஊருக்குப் போகிறார்கள் என்று விடுதியில் விசாரிப்பதும் என் வேலையாகிவிட்டது.