வாரா வாரம் கீமோ: நாட்குறிப்பு

ஜூன் 5, வியாழன்

பழைய மருந்துகள் முடிந்துவிட்டன. இன்று முதல் வாரா வாரம் பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து. மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் 12 வாரத் திட்டம்தான். மருந்து ஏற ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் நடக்கும் ஏற்பாடுகள்தான் நேரம் பிடிக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அலர்ஜிக்கு ஓர் ஊசி, வயிற்றுக்கு ஒன்று. ஏன் இத்தனை என்று சிஸ்டரிடம் கேட்டேன். பாக்ளிடாக்சல் தண்ணீரில் சரியாகக் கரையாதாம். ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து ஏற்றுகிறார்கள், அது சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. "ஆரம்பத்துல நான் பக்கத்துலயே இருப்பேன்மா. நெஞ்சை இறுக்குற மாதிரியோ முகம் சூடாகுற மாதிரியோ இருந்தா உடனே சொல்லுங்க" என்றார். சொன்னபடியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜி ஊசியின் மயக்கத்தில் நான் தூங்கிப்போனேன்.

ஜூன் 6, வெள்ளி

இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். டெக்ஸாமெத்தசோன் செய்யும் வேலை. காலையில் கன்னம் இரண்டும் சிவந்து சூடாக இருந்தன. காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், இல்லை. வீட்டுவேலை எல்லாவற்றையும் இன்றே முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. இந்தத் தெம்பு மருந்தினுடையது என்று தெரிந்ததால் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கடன் வாங்கிய தெம்பு தீர்ந்தது. தொடையிலும் முழங்காலிலும் ஆழமான குடைச்சல். தசைவலி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாந்தி மாத்திரையால் மலச்சிக்கல் வேறு. வாந்தி இல்லாதபோது அந்த மாத்திரை தேவையா என்று போனில் கேட்டேன், தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள் என்றார்கள். சாயங்காலம் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். படுத்தே கிடந்தால் அசதி கூடுகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. இதை உடம்பே சொல்லிக்கொடுக்கிறது.

ஜூன் 11, புதன்

என் வாரத்தில் நல்ல நாள் இதுதான். பழைய மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும்போது உடம்பு தேறிக்கொள்ள இடைவெளி இருந்தது. இதில் அளவு குறைவு, வெள்ளை அணுக்களும் அந்த அளவுக்கு விழுவதில்லை, ஆனால் தேறி எழுந்ததும் அடுத்த ஊசி நிற்கிறது. அதனால் முக்கியமான எதையும் செவ்வாய், புதனுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பார்க்க வருகிறவர்களிடமும் அதையே சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு வராதீர்கள் என்றால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 21, சனி

மூக்கைப் பற்றி யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். தலைமுடி போவது எல்லோருக்கும் தெரியும். மூக்குக்குள் இருக்கும் முடியும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே காய்ந்து, பொருக்குத் தட்டி, சிந்தினால் ரத்தக் கோடு. உப்புநீர் ஸ்பிரே நாளில் பல தடவை அடிக்கிறேன், சிந்துவதை விட்டு ஒற்றியெடுக்கிறேன்.

வாயிலும் புண் தொடங்கியிருக்கிறது. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. நாக்கில் எப்போதும் இரும்புச் சுவை. உலோகக் கரண்டியை விட்டு பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறியதில் கொஞ்சம் தேவலை. சூடு ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, குமட்டலும் குறைவு.

ஜூன் 28, சனி

நேற்று ராத்திரி குளிரெடுத்தது. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே கூப்பிட வேண்டும் என்பது விதி. மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீமோவில் இருப்பவர் வீட்டில் இந்த ஒன்று எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அப்போதே கிளம்பிப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் போதுமான அளவு இருந்தன, ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். கணவர் இன்று பகலெல்லாம் தூங்குகிறார், பாவம்.

ஜூலை 7, திங்கள்

சட்டைப் பொத்தான். விரல் நுனியில் மெல்லிய பஞ்சு சுற்றியது போல இருக்கிறது. பொத்தான் கையில் இருப்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. துளையைத் தேடி வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கி. பார்த்துக்கொண்டிருந்த மகள் ஒன்றும் பேசாமல் வந்து போட்டுவிட்டாள். பாதத்திலும் சுரீரென்று ஊசி குத்துகிறது.

காரணம் படித்திருக்கிறேன். செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது பாக்ளிடாக்சல், புற்றுசெல் பிரிய முடியாமல் சாகிறது. ஆனால் நரம்பும் தனக்கு வேண்டியதை அதே மாதிரிக் குழாய்கள் வழியாகத்தான் விரல் நுனிவரை அனுப்புகிறது. நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்குகின்றன. கையும் காலும் முந்திக்கொள்வது அதனால்தான்.

சொன்னால் மருந்தைக் குறைப்பார்களே, குறைத்தால் நோய்க்கு இடம் கொடுத்ததாகுமோ என்ற பயம் மனசுக்குள் ஓடுகிறது. இருந்தாலும் எழுதிவைத்துவிட்டேன்: எந்த விரல், எப்போதிலிருந்து, எந்த வேலை முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

டாக்டர் அந்தக் காகிதத்தை வரி விடாமல் படித்தார். கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலை அசைத்து, மேலேயா கீழேயா என்று கேட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார். "இதை மறைக்கிறவங்கதான் நிறைய. நரம்பு ரொம்பக் கெட்டுப்போனா திரும்ப மாசக்கணக்காகும், சிலருக்கு முழுசா வராமலே போயிடும். கொஞ்சம் குறைச்சு, திட்டத்தை முடிக்கலாம்" என்றார். அளவைக் குறைத்தார். அந்தப் பயத்தை அவரிடமே கேட்டேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு இந்த அளவு குறைப்பதால் சிகிச்சை வீணாகாது என்று நிதானமாக விளக்கினார். நம்புகிறேன்.

உறவினர் ஒருவர் நரம்புக்கு நல்லது என்று அசெட்டில் எல் கார்னிட்டின் என்ற சத்து மாத்திரை வாங்கித் தந்திருந்தார். அதையும் காட்டினேன். வேண்டவே வேண்டாம் என்றார். டாக்சேன் (பாக்ளிடாக்சல் சேர்ந்த மருந்து வகை) எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் அது மரப்பைக் கூட்டியதாம். அன்போடு வாங்கித் தந்தவரிடம் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மருந்து ஏறும்போது உறைய வைத்த கையுறை மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். ஜப்பானில் ஒரு கையில் மட்டும் மாட்டி, மறு கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாட்டிய கையில் மரப்பு குறைந்ததை 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். குளிர் ரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால் விரலுக்குப் போகும் மருந்து குறையும் என்பது கணக்கு. தாங்க முடிந்தால் செய்யுங்கள் என்றார். இன்றே மாட்டினேன். முதல் சில நிமிடங்கள் எலும்பு வரை கடுக்கிறது, அப்புறம் பழகிவிடுகிறது.

ஜூலை 16, புதன்

வீட்டைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். வெந்நீர்ச் சூட்டை விரலால் பார்ப்பதில்லை, முழங்கையால் பார்க்கிறேன். வெறுங்காலோடு நடப்பதில்லை. கத்தி வேலை கணவருக்கு. ராத்திரி பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு எரிகிறது. பொத்தான் வைத்த சட்டைகளை மகள் எடுத்து மடித்து வைத்துவிட்டாள். குத்தல் குறையவில்லை, கூடவும் இல்லை. வலியாக மாறினால் டுலோக்செட்டின் என்ற மாத்திரை இருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கேட்க எழுதிவைத்திருப்பது கட்டைவிரல் நகம் பற்றி: கறுத்து, ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தொட்டால் வலிக்கிறது.