மீன் ஏறும் நாட்கள்

மார்ச் 27

மீன் இன்னும் வரவில்லை.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடும் மாஷ்பீ ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நின்றேன். கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் வலையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். "தண்ணீரில் இன்னும் குளிர் போகவில்லை" என்றார். கடலிலிருந்து குளத்துக்கு முட்டையிட ஏறும் ஹெர்ரிங் மீனைப் பிடிக்க 2006இல் இந்த மாசசூசெட்ஸ் மாநிலம் தடை விதித்தது. அவருக்குத் தடை இல்லை. அவர் இந்த மண்ணின் பழங்குடி, வாம்பனோக். அந்த உரிமை மாநிலத்தைவிட மூத்தது.

மருத்துவமனைக்குப் போனதும் அப்பா கேட்டது ஒரே சொல்தான். "எத்தனை?"

"ஒன்றுகூட இல்லை அப்பா."

2020இல் இதே தேதி ஒரு வெள்ளிக்கிழமை. ஊரே கொரோனாவுக்குப் பயந்து கதவடைத்துக் கிடந்த மாலையில், மாஷ்பீ வாம்பனோக் மக்களின் தலைவருக்கு வாஷிங்டனிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. 2015இல் மத்திய அரசு அவர்களுக்காகத் தன் பொறுப்பில் எடுத்துவைத்த 321 ஏக்கரை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப் போகிறோம் என்றார்கள். ஜூன் மாதம் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2021 டிசம்பரில் அரசே நிலத்தை உறுதிசெய்தது. முடிவு நல்லதுதான். ஆனால் நோய்க் காலத்தில், வெள்ளிக்கிழமை மாலையில் அந்தச் செய்தியைச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

மார்ச் 28

அறுவைச் சிகிச்சை தள்ளிப்போயிற்று. அப்பாவுக்குச் சளி.

மார்ச் 30

இன்று இன்னொரு படிவம். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு? 'மகள்' என்று எழுதினேன். இந்த வாரத்தில் இது ஐந்தாவது முறை.

படிவத்தை எட்டிப் பார்த்த அப்பாவுக்குத் தமிழாசிரியர் முகம் வந்துவிட்டது. ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகியும் போகாத முகம். "அக்காலத்தில் 'தந்தை' என்று பொதுவாக ஒரு சொல் கிடையாதம்மா. என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, அவன் தந்தை தந்தை. தாய்க்கும் அப்படித்தான். யாய், ஞாய், தாய். யாருடைய தாய் என்று சொல்லாமல் வெறும் தாயைச் சொல்ல முடியாது." மூச்சு வாங்கியது. பேச வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

பிறகு நான் சொன்னேன். இந்த ஊர் வாம்பனோக் மொழியிலும் அப்படித்தான் அப்பா. நூஷ் என்றால் என் தந்தை. கூஷ் என்றால் உன் தந்தை. முன்னால் வரும் எழுத்துதான் யாருடைய தந்தை என்று காட்டுகிறது. கைக்கும் அதே கதை. என் கை, உன் கை என்று முன்னால் எழுத்து சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டிஷ்யூ பெட்டியின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். தமிழ் எழுத்தில் எழுதினேன். நூஷ். கூஷ். பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 1

இல்லை. ஆம். ஆம். இல்லை. இல்லை. இல்லை.

இரண்டு நாட்களாக இந்த ஆறு சொற்கள் தலைக்குள் ஓடுகின்றன. மாஷ்பீ மக்கள் பறிபோன நிலத்தைக் கேட்டு 1976இல் வழக்குப் போட்டார்கள். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு வழக்கு போய்ச் சேரவே இல்லை. அதற்கு முன்பே, நீங்கள் ஓர் இனக்குழுதானா என்று நிரூபியுங்கள் என்று நாற்பது நாட்கள் விசாரித்தார்கள். ஆறு ஆண்டுகளைக் குறிப்பிட்டு, இந்தந்த ஆண்டில் இவர்கள் இனக்குழுவாக இருந்தார்களா என்று நடுவர்களைக் கேட்டார்கள். 1978இல் பதில் வந்தது. 1790இல் இல்லை. 1834இல் ஆம். 1842இல் ஆம். 1869இல் இல்லை. 1870இல் இல்லை. 1976இல் இல்லை.

இல்லாதவர்கள் 1834இல் எங்கிருந்து முளைத்தார்கள்? 1842க்கும் 1869க்கும் இடையில் எந்த நாளில் கரைந்து போனார்கள்? அதே குடும்பங்கள், அதே ஆறு, அதே கல்லறைத் தோட்டம். தேவாலயத்துக்குப் போனார்கள், வேறு இனத்தவரை மணந்தார்கள், மொழி போய்விட்டது, ஆகவே இவர்கள் அவர்கள் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. மொழியைப் போக வைத்தவர்கள் யார் என்று அந்த அறையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அரசின் அங்கீகாரம் வந்தது 2007இல். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள், வாழ்கிறோம் என்பதற்குச் சான்றிதழ் கேட்டு முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

மீன் இல்லை.

ஏப்ரல் 2

மழை. தம்பி போனில் அழுதான். நான் அழவில்லை.

ஏப்ரல் 4

அப்பாவுக்கு மருத்துவமனைச் சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸிடம் அனுமதி கேட்டு, வீட்டில் நொய்க் கஞ்சி காய்ச்சி, உப்பு போடாமல் கொண்டு போனேன். மூன்று கரண்டி குடித்தார். நான்காவதில் தலையை ஆட்டிவிட்டார்.

கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஊசமெக்வின் நினைவுக்கு வந்தார். மாசசாய்ட் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இவரைத்தான். மாசசாய்ட் என்பது பெரும் தலைவர் என்ற பட்டம், பெயர் ஊசமெக்வின். பிளிமத்துக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயரோடு 1621இல் உடன்படிக்கை செய்த வாம்பனோக் தலைவர். 1623 மார்ச்சில் அவர் சாகக் கிடந்தார். கண் தெரியவில்லை, இரண்டு நாட்களாகத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பிளிமத்திலிருந்து எட்வர்ட் வின்ஸ்லோ என்ற ஆங்கிலேயர் நடந்தே போய்ப் பார்த்தார். இனிப்பு மருந்தைக் கத்தி முனையில் எடுத்து அவருடைய பல்லிடுக்கில் ஊட்டினார். வீங்கிய நாக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒரு பெண்ணிடம் மக்காச்சோளத்தை இடிக்கச் சொல்லி, மாவைத் தள்ளிவிட்டு, நொய்யை மட்டும் வேகவைத்து, ஸ்ட்ராபெரி இலையும் சசாஃப்ராஸ் வேரும் போட்டு, கைக்குட்டையில் வடிகட்டிக் கொடுத்தார்.

நொய்க் கஞ்சி! நானூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு நோயாளியைக் காப்பாற்றியது நொய்க் கஞ்சி. குடித்தார், கண் தெரிந்தது, பிழைத்தார். ஊரில் படுத்திருந்த மற்றவர்களுக்கும் வாய் கழுவிவிடும்படி வின்ஸ்லோவைக் கேட்டுக்கொண்டார். வின்ஸ்லோவும் வீடு வீடாகப் போய்ச் செய்தார்.

அப்பாவிடம் சொன்னேன். ஐந்தாவது கரண்டியும் ஆறாவதும் குடித்தார்.

ஏப்ரல் 5

மீதிக் கதையை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அந்த வின்ஸ்லோவின் மகன் ஜோசியா பின்னாளில் பிளிமத்தின் ஆளுநர். ஊசமெக்வினின் மகன் மெட்டாகாம். ஒருவருடைய அப்பா கஞ்சி ஊட்டினார், மற்றவருடைய அப்பா குடித்தார். 1675இல் அந்த இரண்டு மகன்களும் போரில் எதிரெதிரே நின்றார்கள். குடியேறியவர்களின் மாடுகள் சோளக் கொல்லைகளை மேய்ந்தன, நிலம் பத்திரம் பத்திரமாகக் கைமாறியது, கடைசியில் மூன்று வாம்பனோக் ஆண்களுக்குப் பிளிமத்தில் மரண தண்டனை விதித்தார்கள். அத்தோடு பொறுமை முடிந்தது. 1676 ஆகஸ்ட் 12இல் மெட்டாகாமைச் சுட்டுக் கொன்றார்கள். வெட்டிய தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் நட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வைத்திருந்தார்கள். அவருடைய ஒன்பது வயது மகனை என்ன செய்வது என்று போதகர்கள் வேதத்தைப் புரட்டி ஆலோசித்தார்கள். கொல்லவில்லை, அடிமையாக விற்றார்கள்.

கஞ்சி குடித்தவரின் பேரன் அவன்.

இன்று கஞ்சி காய்ச்ச முடியவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 7

சளி குறைந்திருக்கிறது. நாளை மறுநாள் தேதி சொல்வார்களாம்.

அப்பா இன்று தெளிவாக இருந்தார். டிஷ்யூ பெட்டியைக் காட்டி, "இந்த மொழியில் திணை உண்டா?" என்று கேட்டார். உண்டு. உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு. பன்மை விகுதியே வேறுவேறு. மீன்கள் என்றால் நமோசாக். விண்மீன்கள் என்றால் அனாக்சாக். இரண்டுக்கும் உயிருள்ளவற்றின் விகுதி. அப்பா சிரித்துவிட்டார். "நமக்கு மீனும் அஃறிணை, விண்மீனும் அஃறிணை. ஆனால் இரண்டையும் மீன் என்று நாமும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம்."

இந்த மொழி பேச்சிலிருந்து போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற மாஷ்பீ பெண்ணுக்குக் கனவு வந்தது. தெரிந்த முகங்கள், புரியாத பேச்சு, மறுபடி மறுபடி. 1993இல் மொழியை மீட்கும் வேலையைத் தொடங்கினார். எம்.ஐ.டி.யில் கென்னத் ஹேல் என்ற மொழியியலாளரிடம் படித்து 2000இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தேடியபோது கிடைத்தவை என்ன? 1663இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பு. அதைவிட முக்கியமாக, வாம்பனோக் மக்கள் தங்கள் கையாலேயே எழுதிய உயில்கள், நிலப் பத்திரங்கள், மனுக்கள். பறிகொடுத்ததைப் பற்றி எழுதிய தாள்களிலிருந்தே மொழி திரும்பி வந்திருக்கிறது. அவருடைய மகள் அதையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தாள். இன்று மாஷ்பீயில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே பள்ளி நடக்கிறது.

1978இல் அந்த மொழி இல்லை என்பதையும் ஒரு சாட்சியமாக வைத்தார்களே.

இல்லை. ஆம். ஆம்.

ஏப்ரல் 8

எத்தனை? இரண்டு! இரண்டே இரண்டு. பெரியவர் பிடிக்கவில்லை, "முன்னால் வருபவை வழி தெரிந்தவை, விட வேண்டும்" என்றார்.

ஏப்ரல் 9

தேதி: 15. காலை ஆறரை.

ஏப்ரல் 11

தூக்கம் இல்லை. மணி மூன்று.

டிஸ்குவாண்டம் என்ற வாம்பனோக் மனிதர் திரும்பி வந்த நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல்காரன் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு அவரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயினின் மலகாவில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து எப்படியோ லண்டன், பிறகு நியூஃபவுண்ட்லாந்து. 1619இல் சொந்த ஊரான பட்டுக்செட்டுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் ஒருவரும் இல்லை. 1616இல் தொடங்கிய கொள்ளைநோய் மூன்றே ஆண்டுகளில் கரையோர ஊர்களைத் துடைத்துவிட்டிருந்தது. சோளக் கொல்லைகள் புதர் மண்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் மேஃபிளவர் கப்பல்காரர்கள் வந்து, காலி நிலம், கடவுள் கொடுத்தது என்று குடியேறிய இடம் அதுதான். பிளிமத்.

அவர்களுக்குச் சோளக் குழியில் ஹெர்ரிங் மீன் போட்டு விதைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் விருந்துக் கதையில் இந்த நாட்டுக் குழந்தைகள் படிப்பது இந்த மீனைத்தான். அந்தக் காலி ஊருக்குள் அவர் முதல் அடி எடுத்து வைத்ததை யாரும் சொல்லித்தருவதில்லை. யாரைத் தேடியிருப்பார்? எந்த வீட்டுக்கு முதலில் போயிருப்பார்? நூஷ் என்று கூப்பிட்டிருப்பாரா?

நான்கு மணி. போன் அடிக்கவில்லை. அடிக்காதவரை நல்லது.

ஏப்ரல் 12

ஜன்னல் விளிம்பில் அப்பாவுக்காக ஒரு குவாஹாக் சிப்பி ஓடு வைத்திருக்கிறேன். வெளிப்புறம் சாம்பல் நிறம், சொரசொரப்பு. உள்ளே பால் வெள்ளை. மூட்டுக்கு எதிர்ப்புற விளிம்பில் மட்டும் நாவல்பழம் தின்ற நாக்குப் போல ஊதா. அந்த ஊதாவைத்தான் அறுத்து, துளையிட்டு, தேய்த்து வாம்பம் மணி செய்வார்கள். ஓர் ஓட்டில் தேறுவது கொஞ்சம்தான். அப்பா விரலால் அந்த விளிம்பை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 13

தம்பிக்கு விசா கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14

வந்துவிட்டன.

முதலில் தண்ணீரில் நிழல் என்றுதான் நினைத்தேன். பிறகு நிழல் திரும்பியது, வெள்ளி மின்னியது. மத்தியைவிட நீளமான, விலா பளபளக்கும் மீன்கள், ஒன்றன் வாலை ஒன்று இடித்துக்கொண்டு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேங்கி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நின்று, திடீரென்று ஒரே உதறலில் மேலே போயின. ஒன்று தவறிக் கீழே விழுந்தது. மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டது. பெரியவர் பேரனைக் கூட்டி வந்திருந்தார். அவன் மண்டியிட்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். ஆங்கிலம் இல்லை. எனக்கு ஒரு சொல் பிடிபட்டது. நமோசாக்.

ஏப்ரல் 15

காலை 6.20. தள்ளுபடுக்கையில் கொண்டு போகும்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"எத்தனை?"

"நாற்பது வரை எண்ணினேன் அப்பா. அதற்கு மேல் எண்ண முடியவில்லை."

வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.