மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு?

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு லோடு வண்டி. கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், மே மாதம் மாங்காய் இறங்க ஆரம்பித்தால் ஜூலை வரை வண்டிக்கு ஓய்வே கிடையாது, தோப்பிலிருந்து மண்டிக்கும் மாங்கூழ் கம்பெனிக்கும் ராத்திரி பகலாக ஓட்டம்தான். அது முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு வாடகை வந்தால் பெரிய விஷயம். சீசனில் வரும் காசு ஆடி முடிவதற்குள் தீர்ந்துவிடும், கார்த்திகையில் கடன் வாங்குவோம், அடுத்த மாங்காய்க்கு அடைப்போம். பத்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

2024 ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டப் பணம் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவளுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எங்கள் கடன் முழுவதையும் எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் மொத்தம் எவ்வளவு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் வாங்கியது சிலது எனக்குத் தெரியாது, நான் வாங்கியது ஒன்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது, நடுவில் ஒரு சண்டையும் வந்தது.

எழுதி முடித்ததும் கடைசியில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் வருஷ வட்டி எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டேன். தெரிந்தவரிடம் 80,000 வாங்கியிருந்தோம், மூணு வட்டி. மூணு வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். மாதம் 2,400, வருஷத்துக்கு 28,800 ரூபாய் வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது.

அதைவிட மோசம் தண்டல். 20,000 என்று பேர், கையில் கொடுத்தது 17,000. தினம் 200 வீதம் 100 நாள். 17,000 வாங்கி 3,000 கூடுதலாகக் கட்டுகிறோம், பரவாயில்லை என்றுதான் இவர் நினைத்திருந்தார். ஆனால் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம் இல்லையா, அந்த 17,000 முழுசாக நம்மிடம் 100 நாளும் இருப்பதில்லை, சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதிக்குத்தான் 100 நாளில் 3,000 வட்டி. வருஷத்துக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், தப்பு இல்லை.

இவ்வளவும் கட்டிக்கொண்டு என் கழுத்தில் 3 பவுன் சங்கிலி இருந்தது. அதை பேங்கில் வைத்தால் வருஷத்துக்கு 9.5 சதவீதம்தான் வட்டி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் சொன்னதும் அத்தை அழுதுவிட்டார். "வெறுங்கழுத்தோட கல்யாணத்துக்குப் போனா நாலு பேரு என்னம்மா நெனைப்பாங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் நகை அடகுக்குப் போனால் திரும்பி வராது, அதைப் பார்த்து வளர்ந்தவர். நோட்டை அவர் பக்கத்தில் வைத்து, "நாலு பேரு நெனைக்காம இருக்கறதுக்கு மாசம் 2,400 கட்டறோம் அத்தை" என்றேன். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே பேங்குக்குக் கூட வந்தார்.

நகைக்கு 95,000 கொடுத்தார்கள். மூணு வட்டிக் கடனையும் மிச்சமிருந்த தண்டலையும் ஒரே நாளில் முடித்து, எழுதிக் கொடுத்திருந்த பத்திரத்தையும் கையோடு வாங்கிக்கொண்டோம் (இதை மறக்காதீர்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடவே கூடாது). அந்த வருஷ மாங்காயில் 50,000 கட்டினோம். மீதிக்குப் புதிதாகப் பணம் தேடவில்லை, வட்டிக்கும் தண்டலுக்கும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த 8,400 இருந்ததே, அதிலிருந்தே கட்டினோம். 2025 ஜனவரியில் சங்கிலி வீட்டுக்கு வந்தது. அத்தைதான் என் கழுத்தில் போட்டுவிட்டார்.

நடுவில் சிபில் ரிப்போர்ட்டையும், அதாவது நாம் வாங்கிய லோனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் அறிக்கையையும், எடுத்துப் பார்த்தேன். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிபிலையும் சேர்த்து இந்த மாதிரி மொத்தம் 4 கம்பெனிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பார்த்தால், 2019லேயே முடித்த பைக் லோன் இன்னும் 1,140 ரூபாய் பாக்கி என்று நிற்கிறது. லோன் முடிந்ததற்கான என்ஓசி டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். ஆன்லைனிலேயே புகார் கொடுத்தேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது, அதையும் புகாரில் எழுதினேன். 26ஆம் நாள் சரியாகிவிட்டது.

இன்னொன்று, பாஸ்புக்கை வரி வரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மத்திய அரசின் வருஷத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் இவர் கணக்கில் முன்பே சேர்த்திருந்தது, இரண்டுக்கும் தலா 2 லட்சம். மே கடைசியில் அந்தப் பணத்தைப் பிடிக்கும் நேரத்தில் கணக்கில் காசு இல்லாததால் ஒரு வருஷம் பிடிக்கவே இல்லை. ராத்திரியில் லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற மனுஷன், அந்த வருஷம் முழுக்கக் காப்பீடு இல்லாமல் ஓட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் 20ஆம் தேதியே கணக்கில் 1,000 ரூபாய் போட்டுவிடுகிறேன்.

சீசன் காசுக்கும் ஒரு வழி செய்தோம். தனிக் கணக்கு ஒன்று திறந்து, மாங்காய் வாடகை முழுவதும் அதில் போய்விட வேண்டும், அதை ஒன்பதாகப் பங்கிட்டு ஆகஸ்ட்டிலிருந்து ஏப்ரல் வரை மாதம் ஒரு பங்குதான் வெளியே எடுக்கலாம். ஏடிஎம் கார்டு என்னிடம், பின் நம்பர் அவரிடம். 2025இல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்து, எங்களுக்கு லோடும் குறைந்துவிட்டது. நினைத்ததில் முக்கால்வாசிதான் சேர்ந்தது, பங்கைச் சின்னதாக்கி, தீபாவளித் துணியைப் பாப்பாவுக்கு மட்டும் எடுத்தோம். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கார்த்திகையில் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை.

இப்போது பாக்கி வண்டித் தவணை மட்டும்தான், இன்னும் 11 மாதம். அது முடிந்ததும் இன்னொரு வண்டி எடுக்கலாம் என்கிறார் இவர், ஓவர்லாக் மெஷின் வாங்கிக் கடை போடலாம் என்கிறேன் நான். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.