சிஐஎஃப் விலையைப் பார்த்து ஏமாந்த கதை

முதல் தடவை சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து சென்னைக்குத் தையல் மெஷின் உதிரிபாகங்கள் வரவழைத்தபோது சப்ளையர் சிஐஎஃப் விலை சொன்னார், அதாவது சரக்கோடு சென்னைத் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை; கப்பல் வாடகை கிட்டத்தட்ட இலவசம் மாதிரி இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். மொத்தமே 3 கன மீட்டர் என்பதால் எல்சிஎல், அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் பங்கு. இங்கே இறங்கியதும் டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), சிஎஃப்எஸ் (கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைக்கும் கிடங்கு) கட்டணம், அது இது என்று பில் நீண்டது. மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போச்சு.

இப்போதெல்லாம் எஃப்ஓபிதான், அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரை சப்ளையர் செலவு, அதற்குப் பிறகு என் செலவு. சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரை நானே பிடித்து, சென்னைப் பக்கச் செலவையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஆர்டர். அவசரமென்றால் விமானம் இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு கன மீட்டரைக் குறைந்தது 167 கிலோவாகக் கணக்குப் போடுவார்கள், லேசான சரக்கென்றால் காற்றுக்கும் சேர்த்துக் காசு. அப்புறம், 15 கன மீட்டரைத் தொட்டால் 20 அடி முழுக் கன்டெய்னர் விலையையும் கேட்டுப் பாருங்கள்.