அப்பா பினாங்கில் பிறந்தவர், அதனால்?

பினாங்கு, மலாக்காக்காரர்களின் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கலாம் என்ற பேச்சு எங்கள் மலேசிய வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது கிளம்பும், அப்புறம் அடங்கும். பொய் இல்லை, வாங்கலாம்தான். வாங்கி என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து, பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பா 1939இல் ஜோர்ஜ் டவுனில் பிறந்தார். அவருடைய சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், மலேசியாவும் இல்லை, மலாயாவும் இல்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்றுதான் இருக்கும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 முதல் லண்டனின் நேரடிக் காலனி. அங்கே பிறந்த குழந்தை, தகப்பன் மூட்டை தூக்குகிறவனாக இருந்தாலும், மன்னரின் பிரஜை. அம்மா பிறந்தது பேராக்கில், சுங்கை சிப்புட்டில். அது சுல்தானுடைய மாநிலம். வெள்ளைக்காரன்தான் ஆண்டான், ஆனால் சட்டத்தின் கண்ணில் பிரிட்டிஷ் மண் இல்லை.

1957 ஆகஸ்டு 31இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தபோது பினாங்கு, மலாக்காக்காரர்கள் மலாயாவின் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் குடிமகன் என்ற பழைய தகுதி அவர்களிடமிருந்து பறிபோகவில்லை. அது பிள்ளைக்கு இறங்கும், ஆனால் அப்பா வழியாக மட்டும். அதுவும் அப்பா அம்மா முறைப்படி கல்யாணம் செய்திருந்தால்தான். பிறகு 1983 ஜனவரி 1இல் பிரிட்டன் தன் குடிமக்களைத் தரம் பிரித்தது. பிரிட்டன் தீவோடு தொடர்புள்ளவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். மிச்சமிருந்த காலனிகளைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத எங்களைப் போன்றவர்கள் பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன், சுருக்கமாக பி.ஓ.சி.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. நான் 1976இல் தைப்பிங்கில் பிறந்தேன், அதனால் பி.ஓ.சி. தம்பி 1984, அவனுக்கு ஒன்றுமில்லை. அப்பாவோடு அதே வீட்டில் பிறந்த அத்தையின் பிள்ளைகள் எல்லாரும் எனக்கு மூத்தவர்கள், அவர்களுக்கும் ஒன்றுமில்லை, ஏனென்றால் அத்தை பெண். அத்தை இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதான் அப்படின்னு நெனச்சேன்" என்றார்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆசையில் காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். அப்பாவின் பிறப்புப் பத்திரம் தேசியப் பதிவிலாகாவில் கிடைத்தது. இடித்தது கல்யாணப் பத்திரம்தான். அப்பா அம்மா கல்யாணம் கோயில் கல்யாணம். இங்கே இந்துக் கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் தாலி கட்டியவர்களிடம் அழைப்பிதழும் போட்டோவும்தான் இருக்கும். கடைசியில் அப்பா ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து, இவள்தான் என் மனைவி என்று சத்தியப் பிரமாணக் கமிஷனர் முன்னால் சத்தியம் செய்ததில் அம்மாவுக்கு ஏகப்பட்ட சிரிப்பு.

எல்லாம் சேர்ந்த பிறகுதான், இதனால் என்ன கிடைக்கும் என்று ஒழுங்காகப் படித்தேன். பி.ஓ.சி. பாஸ்போர்ட்டின் அட்டை லண்டன்காரன் பாஸ்போர்ட் மாதிரியேதான். உள்ளே, இவர் 1971 குடிநுழைவுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர் என்று எழுதியிருக்கும். அதாவது அங்கே போய்த் தங்கவோ வேலை செய்யவோ உரிமை இல்லை. பிரிட்டனின் 1968 குடிநுழைவுச் சட்டமும் இந்த 1971 சட்டமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உன் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டன் தீவில் பிறந்தவர்களா? எந்தக் கொடியின் கீழே பிறந்தாய் என்பது கணக்கில் வராது.

என் பள்ளித் தோழி ஒருத்தியின் தாத்தா ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பேராக்கில் ரப்பர் தோட்டத்துத் துரை. மலேசியா காமன்வெல்த் நாடு என்பதால் அவளுக்கு ஆன்செஸ்ட்ரி விசா, அதாவது தாத்தா பாட்டி பிரிட்டனில் பிறந்ததை வைத்துத் தரும் விசா, கிடைத்தது. தாத்தா, அம்மா, அவள் என மூன்று பேரின் முழுப் பிறப்புப் பத்திரம், வேலை தேடும் எண்ணம், கைச்செலவுக்குப் பணம், இவ்வளவுதான். 5 வருஷம் வேலை செய்யலாம், பிறகு நிரந்தர வசிப்பு, அதன் பிறகு குடியுரிமை. துரை அவள் பாட்டியை முறைப்படி கல்யாணம் செய்தாரா என்றுகூட அந்த விசாவில் கேட்பதில்லை. என் அப்பாவிடம் மட்டும் சத்தியம் கேட்டார்கள். எனக்கு இது உறுத்தத்தான் செய்தது. தோழி மீது கோபமில்லை, அவள் என்ன செய்வாள்.

உண்மையான ஆபத்து வேறு. வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத பி.ஓ.சி. பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம் என்று 2002இல் ஒரு சட்டம் வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு சில ஏஜெண்டுகள் பிரிட்டனில் இருந்த மலேசியர்களிடம், பாரம் கே நிரப்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 2002 ஜூலை 4க்குப் பிறகு தானாகத் துறந்தவர்களுக்கு அந்த வழி கிடையாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. துறந்தவர்களுக்கு மலேசியா இல்லை என்றானது, பிரிட்டனும் குடிமகனாக ஏற்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படி மாட்டி, அம்மா சாவுக்குக்கூட வர முடியாமல் இருந்தார்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாலே இங்குள்ள குடியுரிமையைப் பறிக்க அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தனையும் படித்த பிறகு கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

போன வாரம் தம்பி மகன் கூப்பிட்டான். 2004இல் பிறந்தவன். தாத்தா பினாங்கு என்பதால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று யாரோ ஒரு ஏஜெண்டு சொல்ல, முன்பணமும் கட்டியிருக்கிறான். உன் அப்பாவுக்கே இல்லை, உனக்கு எங்கிருந்து வரும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அத்தை, கட்டின காசு திரும்ப வருமா?" என்றான். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறான்.